நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக்: தொடுதிரைக்கும் வீடியோ அழைப்புக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2008 அக்டோபர் 2 அன்று லண்டனில் நோக்கியா அறிமுகப்படுத்திய 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக், சிம்பியன் எஸ்60 இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பில் இயங்கிய முதல் கைபேசியாகும். பாடல் கேட்பதற்கான கருவி என்றே விளம்பரப்படுத்தப்பட்டாலும், 3.2 அங்குலத் தொடுதிரை, பின்புறம் கார்ல் சைஸ் வில்லையுடன் 3.2 மெகாபிக்சல் கேமரா, முன்புறம் வீடியோ அழைப்புக்கென்றே ஒரு சிறிய கேமரா, வைஃபை, ஜிபிஎஸ் ஆகிய அனைத்தும் 109 கிராம் எடைக்குள் அதில் அடங்கியிருந்தன. அதே ஆண்டு வெளிவந்த ஐபோன் 3ஜியில் முன்புறக் கேமராவும் இல்லை, வீடியோ பதிவு செய்யும் வசதியும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், 5800 எவ்வளவு முன்னே நின்றது என்பது விளங்கும்.

இன்று இக்கருவியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். விரலால் தொட்டால் திரை ஏன் சொன்னபடி கேட்பதில்லை என்பது ஒன்று. வீடியோ அழைப்பு ஏன் வைஃபையில் போவதில்லை என்பது மற்றொன்று. இந்தத் திரை அழுத்தத்தால் இயங்குவது, இந்த வீடியோ அழைப்பு இணையத்தில் செல்வதன்று, தொலைபேசி இணைப்பிலேயே செல்வது என்ற இரண்டையும் மனத்தில் கொண்டால், கீழே வரும் படிகள் அனைத்துக்கும் காரணம் தானே புரியும்.

சிம், மின்கலம், மின்னேற்றம்

சிம் கார்டு கருவியின் இடப்புறத்தில் உள்ள சிறு மூடிக்குள் செல்கிறது. மூடியைத் திறந்து, கார்டின் உலோகத் தகடு மேல்நோக்கி இருக்குமாறு முழுவதுமாக உள்ளே தள்ள வேண்டும். வெளியே எடுப்பதுதான் பலருக்கும் பிடிபடாத வேலை. பின்மூடியையும் மின்கலத்தையும் அகற்றினால், மின்கலம் இருந்த இடத்தில் ஒரு திறப்பு தெரியும். அதன் வழியே திரைக்கோலின் (திரையைத் தொட்டு இயக்குவதற்கான சிறு கோல்) நுனியால் கார்டைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் அது வெளியே வரும். மூடியின் பக்கமிருந்து குறடு கொண்டு இழுப்பவர்கள் உள்ளே இருக்கும் இணைப்பு முனைகளை வளைத்துவிடுகிறார்கள்.

கருவிக்குப் பழைய பெரிய அளவு சிம் தேவை. நானோ சிம்மை பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திச் செருகுவது உகந்ததன்று, ஏனெனில் பக்கவாட்டில் நகரும் இந்த அமைப்பில் சிறிய கார்டு சட்டத்திலிருந்து நழுவி உள்ளே சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. புதிய சிம் வாங்கும்போது உள்வெட்டுகளைப் பிரிக்காமல், முழு அளவிலேயே தருமாறு கேட்டு வாங்குங்கள்.

மின்கலத்தின் வகை பிஎல்-5ஜே, கொள்ளளவு 1320 மில்லி ஆம்பியர் மணி. பின்னாளில் வந்த லூமியா 520-இலும் இதே வகை பயன்பட்டதால், மாற்று மின்கலம் கிடைப்பது மற்ற பழைய கருவிகளைவிட எளிது. பழைய மின்கலம் சற்றேனும் உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. மேற்புறத்தில் மைக்ரோ யுஎஸ்பி துளை இருப்பதைக் கண்டு, அதன் வழியே மின்னேற்றலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அது தரவு இணைப்புக்கு மட்டுமே. மின்னேற்றத்துக்கு நோக்கியாவின் 2 மில்லிமீட்டர் மெல்லிய முனை கொண்ட சார்ஜர் வேண்டும்.

கருவியை முதல்முறை இயக்கியதும் *#0000# என்று அழுத்தினால் மென்பொருளின் பதிப்பும் கருவியின் வகை எண்ணும் தெரியும். வகை ஆர்எம்-356 என்றிருந்தால் அது 900, 2100 மெகாஹெர்ட்ஸ் 3ஜி அலைவரிசைகளில் இயங்கும். இந்தியா, இலங்கை, ஐரோப்பா போன்ற இடங்களுக்குப் பொருந்துவது அதுதான். அமெரிக்கக் கண்டத்துக்கென வந்த ஆர்எம்-428 வகை 850, 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கானது. வெளிநாட்டிலிருந்து பழைய கருவியை வாங்குபவர்கள் இதைப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. வாங்கும்போது ஒரு சாதாரண அழைப்பு செய்து, காதருகே உள்ள ஒலிப்பான் தெளிவாகக் கேட்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முந்தைய உரிமையாளரின் தகவல்களை நீக்க *#7370# என்ற குறியீடு உதவும். அது கேட்கும் பூட்டுக் குறியீடு யாரும் மாற்றாத நிலையில் 12345 ஆகும். இது கருவியின் உள்நினைவகத்தில் உள்ள தொடர்புகளையும் செய்திகளையும் முற்றிலும் அழித்துவிடும் என்பதால், வேண்டியவற்றை நினைவட்டைக்கு மாற்றிக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

திரையின் இயல்பு

இன்றைய கைபேசித் திரைகள் விரலிலிருந்து வரும் மின்னூட்ட மாறுபாட்டை உணர்கின்றன. 5800-இன் திரையோ மின்தடை வகையைச் சேர்ந்தது. மின்கடத்தும் பூச்சு கொண்ட இரு மெல்லிய படலங்கள் மிகச் சிறிய இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேற்படலத்தை அழுத்தும்போது அது கீழ்ப்படலத்தைத் தொடுகிறது. தொட்ட புள்ளியில் மின்னழுத்தம் எவ்வளவு என்பதை அளந்து, அழுத்திய இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஆகவே இங்கே வருடுவதால் பயனில்லை, சற்று அழுத்த வேண்டும். விரலின் சதைப்பகுதியைவிட நகத்தின் நுனி துல்லியமாக வேலை செய்யும். கையுறை அணிந்தும், பேனாவின் மூடியாலும்கூட இயக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே இத்திரை அறியும். இரு விரல்களால் படத்தை விரிக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

பின்மூடியில் செருகிய திரைக்கோலும், கிதார் மீட்டும் வில்லையின் வடிவில் ஒரு தொடு வில்லையும் கருவியுடன் தரப்பட்டன. நீண்ட குறுஞ்செய்தி எழுதவும் சிறு இணைப்புகளை அழுத்தவும் இவற்றைப் பயன்படுத்துவதே நல்லது.

தொட்ட இடம் ஒன்றாகவும் திறப்பது வேறொன்றாகவும் இருந்தால், திரையின் அளவீடு தவறியிருக்கிறது என்று பொருள். மெனுவில் 'செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'போன்', 'டச் இன்புட்' என்று சென்றால் அளவீட்டைச் சரிசெய்யும் வசதி இருக்கும். திரையில் தோன்றும் குறிகளின் நடுப்புள்ளியைத் திரைக்கோலால், அவசரப்படாமல், நேர் மேலிருந்து பார்த்தபடி அழுத்துங்கள். சாய்வாகப் பார்த்து அழுத்தினால் புதிய அளவீடும் பிழையாகவே அமையும். பழைய கருவியில் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் கருத்து. திரை பழுதென்று ஒதுக்கப்படும் கருவிகளிலும் முதலில் இதைச் செய்துபார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, ஒரு தட்டா இரு தட்டா என்ற குழப்பம். மெனுவில் உள்ள சின்னங்களையும் பொத்தான்களையும் ஒருமுறை தட்டினால் போதும். தொடர்புகள், செய்திகள், அமைப்புகள் போன்ற பட்டியல்களில் முதல் தட்டு அந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறது, இரண்டாம் தட்டுதான் திறக்கிறது. பழைய எஸ்60 கருவிகளில் திசைப்பொத்தானால் ஒரு வரிக்கு நகர்ந்து, பிறகு நடுப்பொத்தானை அழுத்திய முறையை அப்படியே தொடுதிரைக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது. வடிவமைப்பில் இது ஒரு குறை என்றே கருதுகிறேன். பட்டியல் எது, சின்னம் எது என்று பயனர் ஒவ்வொரு முறையும் யோசிக்கும்படி ஒரு கருவி இருக்கக் கூடாது.

எழுதுவதற்கு நான்கு வழிகள் உள்ளன: எண்பலகை, சிறிய குவெர்ட்டி, திரை முழுதும் விரியும் குவெர்ட்டி, கையெழுத்து. எழுதும் பெட்டியில் காணப்படும் விசைப்பலகைச் சின்னத்தைத் தட்டி, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றுள் முழுத்திரை விசைப்பலகையே வேகமானது. கருவியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் 640 பிக்சல் அகலமும் அதற்குக் கிடைப்பதால், விசைகள் விரலுக்கு அடங்கும் அளவில் அமைகின்றன.

வீடியோ அழைப்பு எவ்வழியே செல்கிறது

இன்று வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் நாம் செய்யும் அழைப்பு, தரவுப் பொட்டலங்களாகப் பிரிந்து இணையத்தில் செல்கிறது. 5800 செய்வது அப்படிப்பட்டதன்று. 3ஜி-324எம் என்ற தொலைத்தொடர்புத் தரத்தின்படி, இரு கைபேசிகளுக்கும் இடையே நொடிக்கு 64 கிலோபிட் கொண்ட ஒரு தனித்தடத்தை வலையமைப்பு ஒதுக்கிக் கொடுக்கிறது. குரல், படம், கட்டுப்பாட்டுத் தகவல் மூன்றும் அந்த ஒரே தடத்தில்தான் செல்ல வேண்டும். தடம் உங்களுக்கென்றே ஒதுக்கப்படுவதால், அழைப்பு நீடிக்கும் நேரத்துக்கு ஏற்ப, சாதாரண அழைப்பைப் போலவே கட்டணம் கணக்கிடப்பட்டது. எவ்வளவு தரவு செலவானது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஜப்பானில் என்டிடி டோகோமோ 2001-இல் தன் 3ஜி சேவையைத் தொடங்கியதிலிருந்து, 3ஜியின் அடையாளமாகவே தொலைபேசி நிறுவனங்கள் இந்த வசதியை முன்னிறுத்தி வந்தன.

64 கிலோபிட் என்பது எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். குரலுக்கு ஏறத்தாழ 12 கிலோபிட் போய்விடும். கட்டுப்பாட்டுத் தகவலையும் கழித்தால், படத்துக்கு மிஞ்சுவது சுமார் 45 கிலோபிட்தான். அனுப்பப்படும் படத்தின் அளவு 176 × 144 பிக்சல், அதாவது 25,344 புள்ளிகள். 5800-இன் 640 × 360 திரையில் இருப்பதோ 2,30,400 புள்ளிகள். திரையின் ஒன்பதில் ஒரு பங்குக்கான படமே வருகிறது. அந்தச் சிறிய படத்தையும் சுருக்காமல் நொடிக்குப் பத்துமுறை அனுப்ப 3 மெகாபிட்டுக்கு மேல் தேவைப்படும். அதை அறுபது மடங்குக்கு மேல் சுருக்கித்தான் இத்தடத்துக்குள் அடக்குகிறார்கள்.

சுருக்கும் வேலையைச் செய்வது எச்.263 என்னும் முறை. அது படத்தை 16 × 16 பிக்சல் கொண்ட 99 கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்திலிருந்து மாறிய கட்டங்களின் தகவலை மட்டும் அனுப்ப முயல்கிறது. முகம் அசையாமல் வாய் மட்டும் அசைந்தால், வாயைச் சுற்றியுள்ள சில கட்டங்களின் தகவலே போதும். இருக்கும் 45 கிலோபிட்டும் அவற்றுக்கே கிடைப்பதால் உதட்டசைவு தெளிவாகத் தெரியும். கருவியைப் பிடித்த கை ஆடினாலோ 99 கட்டங்களும் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன. தகவல் எல்லாவற்றுக்கும் பங்கிடப்பட்டு, முகம் சதுரம் சதுரமாகக் கலைந்துபோகிறது.

அழைப்பதற்கு முன்

முதலில், இரு தரப்பினரும் 3ஜி வலையமைப்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும். இருவருடைய கைபேசியும் இதே தரத்தை ஆதரிக்க வேண்டும். 3ஜிக்கான யுசிம் கார்டும் தேவை. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'கனெக்டிவிட்டி', 'நெட்வொர்க்' என்று சென்றால், வலையமைப்பு முறையாக இரட்டை, யுஎம்டிஎஸ் (3ஜி), ஜிஎஸ்எம் (2ஜி) ஆகிய மூன்று தேர்வுகள் தெரியும். இரட்டை முறையில் விட்டால், சமிக்ஞை குறையும்போது கருவி 2ஜிக்கு மாறிவிடலாம், அப்போது வீடியோ அழைப்பு கிடைக்காது. அழைக்கும் நேரத்துக்கு மட்டும் யுஎம்டிஎஸ் முறையை வைத்து, பிறகு இரட்டைக்கே திரும்புவது மின்கலத்துக்கும் நல்லது.

வேறொரு குரல் அழைப்போ தரவு அழைப்போ நடந்துகொண்டிருக்கும்போது வீடியோ அழைப்பைத் தொடங்க முடியாது. இருவருக்கு மேல் ஒரே அழைப்பில் சேரவும் இயலாது.

இந்தியாவில் இக்கருவியை வாங்கிய பலருக்கு இந்த முதற்படியே நெடுநாள் எட்டாமல் இருந்தது. எம்டிஎன்எல் 2008 டிசம்பரில் டெல்லியிலும், பிஎஸ்என்எல் 2009 பிப்ரவரியில் சென்னையிலும் 3ஜியைத் தொடங்கின. தனியார் நிறுவனங்களுக்கு அலைவரிசை கிடைத்ததோ 2010 ஏலத்துக்குப் பிறகுதான். 2006-இலேயே டயலாக் நிறுவனம் 3ஜியைத் தொடங்கிவிட்ட இலங்கையில் நிலைமை வேறாக இருந்தது.

அழைக்கும் முறை

எண்ணை அழுத்துங்கள், அல்லது தொடர்புப் பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பச்சைப் பொத்தானை அழுத்திவிட வேண்டாம். அது சாதாரணக் குரல் அழைப்பையே செய்யும். 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'கால்' என்பதன்கீழ் 'வீடியோ கால்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதிர்முனையில் எடுத்த பிறகும் படம் தெரியச் சில நொடிகள் ஆகும். இரு கருவிகளும் எந்தச் சுருக்க முறையில் பேசுவது என்று தங்களுக்குள் உடன்பட்டு, தடங்களைத் திறக்கும் நேரம் அது. இணைப்பு நின்றுவிட்டதென்று துண்டித்துவிடாதீர்கள். வலையமைப்போ எதிர்முனைக் கருவியோ வீடியோ அழைப்பை ஏற்காத நிலையில், சாதாரண அழைப்பாகச் செய்யவா, செய்தி அனுப்பவா என்று கருவியே கேட்கும்.

வீடியோ அழைப்பில் ஒலிபெருக்கி தானாகவே இயங்கும், ஏனெனில் கருவியை முகத்துக்கு எதிரே பிடித்துத்தான் பேச வேண்டும். பொது இடத்தில் பேசுவோர் முன்கூட்டியே ஹெட்செட்டை இணைத்துக்கொள்வது நாகரிகம், 3.5 மில்லிமீட்டர் துளை இருப்பதால் சாதாரண இயர்போனும் பொருந்தும்.

அழைப்பை ஏற்றல்

வீடியோ அழைப்பு வரும்போது அதற்குரிய சின்னம் திரையில் தோன்றும். பச்சைப் பொத்தானால் எடுத்ததும், உங்கள் படத்தை அழைப்பவருக்கு அனுப்பலாமா என்று கருவி கேட்கிறது. சம்மதித்தால் மட்டுமே முன்புறக் கேமராவின் படம் செல்லும். மறுத்தால் குரல் மட்டும் செல்லும், உங்கள் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் திரையே அவருக்குத் தெரியும். அந்த வெற்றிடத்தில் காட்டுவதற்கென்று ஒரு நிழற்படத்தை அமைப்புகளின் 'காலிங்' பகுதியில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் இந்த ஏற்பாடு மிகவும் பாராட்டத்தக்கது. வீட்டில் எந்த நிலையில் இருக்கும்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. முகம் காட்டுவதா வேண்டாமா என்பதை அழைக்கப்பட்டவரே முடிவுசெய்வதுதான் முறை.

ஆனால் ஒன்று: படத்தை அனுப்ப மறுத்தாலும், அது வீடியோ அழைப்பாகவே கணக்கிடப்படும். குரல் மட்டும் போதும் என்றால், துண்டித்துவிட்டுச் சாதாரண அழைப்பாகப் பேசுவதே சிக்கனம்.

பேச்சின் நடுவே

முன்புறக் கேமராவிலிருந்து பின்புறக் கேமராவுக்கு மாற, 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் முதன்மைக் கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம். எதிரே இருக்கும் காட்சியை மற்றவருக்குக் காட்ட இது உதவும். இதனால் அனுப்பப்படும் படம் தெளிவாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எந்தக் கேமராவானாலும் செல்வது அதே 176 × 144 படம்தான்.

அசைவில்லாத ஒரு பொருளை, எடுத்துக்காட்டாக ஒரு துணியின் கரையையோ கடிதத்தின் தலைப்பையோ காட்ட விரும்பினால், நிலைப்படமாக அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்போது வீடியோ நின்று, அந்த ஒரு படம் மட்டும் எதிர்முனையில் தெரியும். அது யாருடைய கருவியிலும் சேமிக்கப்படுவதில்லை. படத்தின் தன்மையைத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு: நுணுக்கம் வேண்டுமா, அசைவு சீராக வேண்டுமா, இரண்டுக்கும் இடைப்பட்டதா என்று கேட்கும். கிடைக்கும் பிட்டுகள் ஒன்றே என்பதால், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். முகம் பார்த்துப் பேசுவதற்கு இயல்பான தேர்வே போதும். குழந்தை ஓடி விளையாடுவதைக் காட்டும்போது மட்டும் அசைவுக்கு முதலிடம் கொடுங்கள்.

மேலே சொன்ன 99 கட்டங்களை நினைவில் வைத்தால், படம் தெளிவாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும். கருவியைக் கையில் பிடிப்பதைவிட, மேசையில் புத்தகங்களின்மீது சாய்த்து வைப்பது நல்லது. பின்னால் மின்விசிறி, அசையும் திரைச்சீலை, போக்குவரத்து தெரியும் சன்னல் ஆகியவை இருக்கக் கூடாது, வெறுஞ்சுவர் சிறந்தது. ஒளி முகத்தின்மீது விழ வேண்டும், முதுகுக்குப் பின்னாலிருந்து வரக் கூடாது. கட்டம் போட்ட சட்டையைவிட ஒரே நிறச் சட்டை படத்துக்கு ஏற்றது.

இதே கருவியில் 'ஷேர் வீடியோ' என்றும் ஒரு வசதி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது குரல் அழைப்பின் நடுவே ஒருவழியாக மட்டும் வீடியோவை அனுப்புவது, அதற்குத் தொலைபேசி நிறுவனம் தரும் தனி அமைப்புகள் தேவை.

பயன்படும் மற்ற வசதிகள்

முகப்புத் திரையில் நெருங்கிய நால்வரின் படங்களை வரிசையாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் படத்தைத் தட்டினால் அவருடனான அழைப்புகளும் செய்திகளும் ஓரிடத்தில் கிடைக்கும். திரைக்கு மேலே உள்ள எக்ஸ்பிரஸ்மியூசிக் குறியைத் தொட்டால் பாடல், படத்தொகுப்பு, உலாவி ஆகியவற்றுக்கான பட்டை கீழிறங்கும். அழைப்பு வரும்போது கருவியைக் குப்புறக் கவிழ்த்து மணியோசையை நிறுத்தும் வசதி, அமைப்புகளின் 'போன்' பகுதியிலுள்ள உணரிகள் பிரிவில் இருக்கிறது. பக்கவாட்டில் உள்ள நகர்த்து விசை திரையைப் பூட்டவும் திறக்கவும் பயன்படுகிறது. பையில் வைக்கும்போது அதைப் பூட்டும் வழக்கம் கட்டாயம் தேவை, ஏனெனில் அழுத்தத்தால் இயங்கும் திரை சாவிக்கொத்து பட்டாலும் இயங்கிவிடும்.

இன்று எது வேலை செய்யும்

பல நாடுகளில் 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டது; அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் நிறுத்தியது. 3ஜி இன்னும் இருக்கும் இடங்களிலும், வீடியோ அழைப்புச் சேவையைத் தொலைபேசி நிறுவனம் தனியே நிறுத்தியிருக்கலாம் என்பதால், அழைப்பதற்கு முன் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். 2ஜி நீடிக்கும் வலையமைப்புகளில் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் இயங்கும். ஜியோவைப் போல 4ஜியில் தொடங்கிய வலையமைப்புகளில் இக்கருவிக்கு இணைப்பே கிடைக்காது.

வைஃபை இணைந்தாலும் பெரும்பாலான இணையதளங்கள் திறக்காது. அவை இன்று கேட்கும் பாதுகாப்பு முறைகளை இந்த உலாவி அறியாது. சிம்பியன் கருவிகளுக்கான வாட்ஸ்அப் ஆதரவும் 2017 ஜூன் இறுதியில் முடிந்துவிட்டது. பாடல், வானொலி, கேமரா, 640 × 480 அளவில் நொடிக்கு 30 படங்களாக வீடியோ பதிவு ஆகியவற்றுக்கு எந்த வலையமைப்பும் தேவையில்லை என்பதால், அவை முன்போலவே இயங்கும். எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்ற, யுஎஸ்பி இணைத்ததும் 'மாஸ் ஸ்டோரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நினைவட்டை நேரடியாகத் தெரியும். அட்டையைக் கழற்றுவதற்கு முன் பவர் பொத்தானை மெல்ல ஒருமுறை அழுத்தி, நினைவட்டையை நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால், பாதியளவு மின்னேற்றிய பிறகு மின்கலத்தைக் கழற்றித் தனியே வையுங்கள்.